துரையின் அனுமதியோடு வந்த அறம்

திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் 'கண்டிக்குப் போயிருக்கிறான்' என்றால், போனவன் கண்டி நகரத்தில் இருப்பதாக யாரும் எண்ணியதில்லை. அவன் தெல்தோட்டையில் இருக்கலாம், ஹற்றனில் இருக்கலாம், பதுளைக்கு அப்பால் ஏதாவதொரு மலையிலும் இருக்கலாம். மலைநாடு முழுவதற்கும் அவர்கள் வைத்த பெயர் கண்டிச்சீமை. அந்தச் சீமைக்குப் பெயர் கொடுத்த நகரத்திலிருந்துதான், அங்கே பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளுக்கான உதவியும் பெரும்பாலும் புறப்பட்டது. திருச்சபை, தர்ம சங்கம், கல்வி நிதி, சமூக நிலையம் என்று அதன் வடிவங்கள் பல. ஏறத்தாழ ஒன்றே முக்கால் நூற்றாண்டு நீளும் அந்த வரலாற்றைப் படிக்கும்போது உதவி போதவில்லை என்ற குறை முதலில் கண்ணில் படும். அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு என்பது என் எண்ணம். உதவியில் பெரும்பகுதி தோட்டத்தின் எல்லைக்குள்ளே, தோட்டத்தை நடத்திய துரையின் சம்மதத்தோடு, தோட்டத்துக்கென்றே தனியாகச் செய்யப்பட்டது. பிள்ளைக்கு அது எழுத்தைக் கொடுத்தது, மருந்தைக் கொடுத்தது. கூடவே 'தோட்டத்துப் பிள்ளை' என்ற தனிப்பிரிவையும் இறுக்கிக் கட்டியது. அந்த எல்லையைத் தாண்டிய முயற்சிகள் சிலவே. பிள்ளைகளின் வாழ்வை உண்மையில் மாற்றியவை அந்தச் சிலதான்.

தொடக்கத்தில் பிள்ளைகளே அதிகம் இல்லை. கம்பளைக்கு அருகே சிங்காப்பிட்டியில் 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொருவையில் பயிரிட்டார். கோப்பிக்கு ஆள் தேவைப்படுவது பழம் பறிக்கும் சில மாதங்களுக்கு மட்டும். தமிழகத்திலிருந்து ஆண்கள் வருவார்கள், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து கண்டி மலைகளை அடைவது அன்றைய பாதை. நடையிலே இறந்தவர்கள் பலர். 1840களில் வந்தவர்களில் நாலில் ஒருவர் மடிந்ததாகக் கொழும்புப் பத்திரிகை ஒன்று அந்நாளிலேயே எழுதியது. அந்தக் கணக்கு மிகையென்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். வழியோரம் பிணங்கள் கிடந்ததை அவர்களும் மறுக்கவில்லை. எனவே அக்காலத்துத் தர்மம் நோயாளியைத் தேடியது. கண்டியில் இயங்கிய ஆபத்பாந்தவ சங்கம் போன்றவை, நடந்து வந்து விழுந்தவர்களுக்குப் படுக்கையும் கஞ்சியும் கொடுத்தன. இந்த உதவியின் ஒரு குணத்தை நினைவில் வைக்க வேண்டும். அது தெருவில் நடந்தது. விழுந்து கிடப்பவன் எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவன் என்பது அதற்கு முதற்கேள்வியாக இருக்கவில்லை.

1869இல் கோப்பி இலையில் பூஞ்சை நோய் தோன்றியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. நோய் தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்டிருந்தார். மலையகக் குழந்தையின் வரலாற்றைத் தீர்மானித்தது இந்தப் பயிர் மாற்றம்தான் என்பேன். தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும், துளிர்த்ததைக் கிள்ளியாக வேண்டும். அதற்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். பெண்கள் வந்தால் குடும்பம் வரும், குடும்பம் வந்தால் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டின் காம்பராவில் தொட்டில் கட்டப்படும். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் தமிழகத்துக் கிராமங்களைக் காலியாக்கியபோது, ஊர் திரும்பும் எண்ணமும் பலருக்கு அற்றுப்போயிற்று. பருவத்துக்கு வந்துபோன ஆண்களின் கூட்டம் இப்படித்தான் பிள்ளைகுட்டிகளோடு நிலைத்த சமூகமானது.

இந்தப் பிள்ளைகளை முதலில் முறையாக நாடிச் சென்றது கிறிஸ்தவ மிஷன். கண்டியில் தோட்டத்துரைமார் சங்கம் உருவானது 1854இல். அங்கிலிக்கன் திருச்சபையின் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியதும் அதே ஆண்டில், அதே கண்டியில். திருநெல்வேலியில் ஊழியம் செய்த செப்டிமஸ் ஹொப்ஸ் பாதிரியார் அதன் பொறுப்புக்கு வந்தார். திருநெல்வேலியிலிருந்தே தமிழ் உபதேசியார்கள் அழைத்துவரப்பட்டார்கள். துரைமார் சந்தா கொடுத்தார்கள். உபதேசியார் தோட்டம் தோட்டமாக நடப்பார். பிரட்டு என்ற காலை வருகைப் பதிவு முடிந்து மலைக்குப் போனவர்கள் திரும்பும்வரை காத்திருப்பார். மாலையில் லயத்து வாசலிலோ, தொழிலாளரை மேற்பார்த்த கங்காணி ஒழித்துக் கொடுத்த காம்பராவிலோ பிள்ளைகளைக் கூட்டி அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பார். தோட்டப் பள்ளிக்கூடம் என்ற பெரும் அமைப்பின் கரு இந்த மாலை நேரம்தான். அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். அட்டை கடிக்கும் ஈர மலைகளில், சொற்பச் சம்பளத்தில், தம் ஊரை விட்டு வந்து நடந்தவர்கள் அவர்கள். ஆனால் உபதேசியார் லயத்துக்குள் கால் வைக்குமுன் பங்களா வாசலில் நின்று உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. சந்தா கொடுத்தவரே உத்தரவும் கொடுப்பவர். பகலில் பிள்ளை மலையில் நிற்க வேண்டுமென்று துரை சொன்னால் பாடம் மாலைக்குத் தள்ளிப்போகும். பிள்ளைகள் அரிச்சுவடியைத் தாண்டி எவ்வளவு படிக்க வேண்டும் என்பதும் அவரிடமே இருந்தது. பின்னாளில் அந்த மிஷன் தன் பெயரிலிருந்து 'கூலி' என்ற சொல்லை எடுத்துவிட்டது. தோட்டத்துக்கென்று தனி ஊழியம் என்ற ஏற்பாடு அதோடு நீங்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்புத்தான். தோட்டம் அடைத்த கதவாக இருந்தது. உள்ளே நுழைய துரையின் சம்மதத்தைத் தவிர வேறு வழி இல்லை. உத்தரவு கேட்க மாட்டோம் என்று மிஷன் விலகியிருந்தால் அந்த அரிச்சுவடியும் கிடைத்திருக்காது. மேலும், அந்த வழியில் மேலே வந்தவர்கள் இல்லையா? மடுல்கலையில் ஒரு தோட்டத்தில் 1890இல் பிறந்த பெரியண்ணன் சுந்தரம், கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் சென்று சட்டம் பயின்று, 1931இல் அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். மிஷன் நிறுவனம் இல்லாமல் அது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உதாரணமே என் பக்கம்தான் சாய்கிறது. சுந்தரத்தை உயர்த்தியது லயத்து வாசல் பள்ளி இல்லை. அதே திருச்சபை கண்டி நகரில் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்குமாக நடத்திய கல்லூரியின் வாசலை அவர் எட்டியதுதான் அவரை உயர்த்தியது. அவர் எட்ட முடிந்ததற்குக் காரணம் தந்தையின் கங்காணி வசதி. காம்பரா வாசலில் அரிச்சுவடி படித்த சாதாரணக் கொழுந்துக்காரியின் பிள்ளைக்கு மடுல்கலையிலிருந்து கண்டிவரை இருந்த தூரம், மண்டபத்திலிருந்து மன்னாருக்கு இருந்த தூரத்தைவிடப் பெரிது. ஒரே திருச்சபை இரண்டு பள்ளிகளை வைத்திருந்தது. இரண்டுக்கும் நடுவே பாதை போடவில்லை.

தர்மம் வகுத்த இந்தப் பிரிவை அரசு அப்படியே சட்டத்தில் எழுதிக்கொண்டது. 1907இன் கிராமப் பள்ளிச் சட்டமும் 1920இன் கல்விச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளி கொடுக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்திடம் வைத்தன. வயது வரம்பு 6 முதல் 10 வரை. வெளியே இருந்த ஆண்பிள்ளைகள் 14 வயதுவரை படிக்க வேண்டியவர்கள். ஏன் 10? பதில் கல்வித் திணைக்களத்தின் ஏடுகளைவிடச் செக்ரோல் என்ற தோட்டக் கூலிப் பதிவேட்டில் தெளிவாக இருக்கிறது. 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியைப் பாருங்கள்: கண்டியைச் சூழ்ந்த நடுமலைத் தோட்டங்களில் ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், பிள்ளைக்கு 31 சதம். கூலிப் பட்டியலில் பிள்ளைக்கென்று ஒரு வரிசை இருந்தது. பத்து வயதில் பள்ளி விடும் இடத்தில் அந்த வரிசை தொடங்கியது. பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, அறியாமையே காரணம் என்று அக்காலத்து அறிக்கைகளும் தர்மவான்களும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். தகப்பனுக்குக் கிடைப்பதில் பாதிக்கு மேல் ஒரு பிள்ளை கொண்டுவரும்போது, கடனில் முழுகிய குடும்பம் எடுத்த முடிவை அறியாமை என்று அழைப்பது நேர்மையான கணக்கில்லை.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் திட்டப்படி நாட்டில் இலவசக் கல்வி வந்தது. இலங்கையின் சமூக வரலாற்றில் அதைவிடப் பெரிய கொடை இல்லை என்று நாம் பெருமைப்படுகிறோம், அந்தப் பெருமை சரியானதே. தோட்டப் பள்ளிகள் அந்தக் கொடையின் ஓரத்தில் நின்றன. 1947இன் திருத்தம் அவற்றை அரசுப் பொறுப்புக்குக் கொண்டுவர வழி திறந்தது. மறு ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவர்கள் ஆக்கியது. வாக்கு போனது. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். 1952இல் ஒருவர்கூட இல்லை. பள்ளி கேட்டு எழுந்து நிற்க ஆளில்லாத சமூகத்துக்குப் பள்ளி வராது. 1960, 61இல் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் விட்டுவைக்கப்பட்டன. உரிமையை எடுத்துக்கொண்ட அதே ஆண்டுகளில் தர்மத்துக்கு வரவேற்பு கூடியதை வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டும். அரசு ஒதுங்கிய இடத்தில் தர்மம் நின்றால், ஒதுங்கியது யாருக்கும் உறுத்தாது.

இந்தக் காலத்தில் எல்லையைத் தாண்டிய ஒரு முயற்சியும் கண்டியோடு சேர்ந்தே இருக்கிறது. இலங்கையில் இந்திய அரசின் பிரதிநிதியாக எம்.எஸ். ஆனே இருந்த 1940களின் நடுவில் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உருவானது. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுப்பது அதன் வேலை. கண்டியிலுள்ள உதவி இந்தியத் தூதரகம் வழியாக அது தொடர்கிறது. தொகை சிறிது, பெறுவோர் தொகையும் சிறிது. ஆனால் அது பணத்தைத் தோட்டத்தில் வைக்காமல் பிள்ளையின் கையில் வைத்தது. அந்தப் பிள்ளை கண்டிப் பாடசாலைக்குப் போகலாம், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். பணம் கூடவே போகும். உதவியின் வடிவம் மாறியதும் அதன் திசையும் மாறுவதைக் காட்ட இதைவிட எளிய சான்று வேண்டாம்.

அதே தூதரகக் கதவில்தான் அந்தச் சமூகத்தின் பெருந்துயரமும் வரிசையில் நின்றது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 மனிதரைக் கணக்கிட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தது. மிச்சமிருந்தவர்களை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டார்கள். கண்டியில் பத்திரம் எழுதி, படம் ஒட்டி, கோச்சியேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். அந்தக் கோச்சிக்கு மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தது. அதில் போன பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. 1984இல் கப்பல் நிற்கும்வரை, இடையில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் போனார்கள். நீலகிரியில் அவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் அமைத்தது: மறுபடியும் தோட்டம், மறுபடியும் லயம். பாதியில் பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைக்குப் புத்தகமும் உடையும் கொடுத்து அனுப்பிய தர்மங்கள் உண்டு. அந்தப் பிள்ளை ஏன் போகிறது என்று கேட்ட தர்மங்கள் அன்று மிகக் குறைவு.

கேட்ட ஒன்று 1972இல் கண்டியில் தோன்றியது. இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்யோதய நிலையம் அது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்; தமிழரோ சிங்களவரோ அல்லாத பறங்கியர். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்வது அந்த நிலையத்தின் முதல் விதியாக இருந்தது. காலம் கொடுமையானது. 1972, 75 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. நடுமலையில் பல தோட்டங்கள் உசவசம, ஜனவசம போன்ற புதிய நிறுவனங்களிடம் சிக்கிச் சிதைந்தன. தொழிலாளர் வேலையிழந்தார்கள், சில இடங்களில் அடித்து விரட்டப்பட்டார்கள். 1973, 74இன் உணவுப் பஞ்சம் அதன் மேல் விழுந்தது. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டித் தெருக்களில் தோட்டக் குடும்பங்கள் பிள்ளைகளோடு பிச்சைக்கு நின்றன. கஞ்சி ஊற்றுவது உடனடித் தேவை, அதைச் செய்தார்கள். அத்தோடு, மலையில் நடப்பதை எழுதி வெளியிட்டார்கள்; அடுத்த கிராமத்துச் சிங்கள விவசாயியையும் லயத்துத் தமிழ்த் தொழிலாளியையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்தார்கள். தோட்டப் பகுதிகளில் வேலை செய்த சிறு குழுக்களை இணைக்கும் செயலகம் ஒன்றும் கண்டியில் எழுந்தது. துரையின் அனுமதி என்ற பழைய நிபந்தனை இங்கேதான் முதன்முறையாக உடைந்தது.

இதற்கும் மறுப்பு உண்டு. கூட்டிப் பேசியதால் என்ன விளைந்தது? 1977 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் கண்டி மாவட்டத்தில் கடைகளும் லயங்களும் எரிந்தன. சேர்ந்து உட்கார்ந்த கூட்டங்கள் அந்தத் தீயை அணைக்கவில்லை. பிள்ளைகளின் படிப்பை மாற்றியதும் அரசுதான்: 1977 முதல் தோட்டப் பள்ளிகளைப் பொறுப்பேற்றது அரசு, 1980களில் ஸ்வீடனின் பணத்தோடு கட்டடமும் ஆசிரியர் பயிற்சியும் கொடுத்தது அரசு. தர்மத்துக்கு இதில் பங்கென்ன? முதற்பாதியை மறுக்க முடியாது. ஒரு நிலையம் நடத்தும் கூட்டம் அரசியல் மூட்டும் வெறிக்கு அணையாகாது. அப்படி ஆகுமென்று அவர்கள் சொன்னதாகவும் இல்லை. பிற்பாதியோ என் வாதத்தையே சொல்கிறது. ஸ்வீடனின் உதவி தனித் தோட்டப் பள்ளிகளைக் கட்டவில்லை. நாட்டின் பொதுக்கல்வி அமைப்புக்குள் வந்துவிட்ட பள்ளிகளை அது கைதூக்கியது. ஓராசிரியர் பள்ளிகள் தரமுயர்ந்தன. அங்கே படித்தவர்கள் அங்கேயே ஆசிரியராகத் திரும்பி வந்தார்கள். மிஷன் நூறாண்டு உழைத்தும் கிட்டாத மாற்றம் இருபது ஆண்டில் கண்ணுக்குத் தெரிந்தது. உழைத்தவர்களின் மனத்தில் குறை இல்லை. பிள்ளை நாட்டின் கணக்கில் சேர்ந்ததுதான் வேறுபாடு.

எல்லை என்று நான் சொல்வது தேயிலைச் செடிகளுக்கு மட்டும் உரியதென்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கண்டி நகரத்துக்குள்ளேயே மகியாவை இருக்கிறது. தெருவைப் பெருக்கவும் மலம் அள்ளவும் பிரிட்டிஷ் ஆட்சி தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய மக்களின் குடியிருப்பு. கல்லூரிகளின் மணி கேட்கும் தூரம். துரை கிடையாது, கடவை கிடையாது. ஆனாலும் மாநகர சபைக் குடியிருப்பு என்ற முகவரியே அங்குள்ள பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கையிலும் வேலை விண்ணப்பத்திலும் தடையானது. சாதி அந்த முகவரிக்குப் பின்னால் நின்றது. அங்கேயும் உதவி நிறையப் போயிருக்கிறது: மாலை வகுப்பு, பால்மா, பண்டிகை உடுப்பு. எல்லாம் மகியாவைக்குள் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டவை. பக்கத்துக் கல்லூரியின் முதலாம் வகுப்பில் ஓர் இடத்துக்காகப் போராடுவது கொண்டுபோய்க் கொடுப்பதைவிடக் கடினம். கொடுப்பவருக்கு அதில் நன்றியும் கிடைக்காது.

காகிதத்துக்கு வருவோம், ஏனென்றால் அண்மைக்காலத்தில் கண்டியை மையமாகக் கொண்ட அமைப்புகள் செய்த மிகப் பயனுள்ள வேலை இதுதான் என்று நினைக்கிறேன். 1988இன் சட்டமும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையை முடித்தன. சட்டம் முடித்ததை வாழ்க்கையில் முடிக்கப் பத்திரம் வேண்டும். லயத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது, வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, சோதனைச் சாவடியைத் தாண்டவும் முடியாது. சமூக அபிவிருத்தி நிறுவகம் போன்ற அமைப்புகள் நடமாடும் சேவைகள் நடத்தி, தமிழ் தெரியாத அலுவலகங்களுக்கு மக்களோடு போய் நின்று, இந்தக் காகிதங்களைப் பெற்றுக் கொடுத்தன. இதில் உணவும் இல்லை, உடையும் இல்லை. படம் எடுத்து நன்கொடையாளருக்கு அனுப்பவும் பெரிதாக எதுவும் இல்லை. பெற்றவர் அடுத்த முறை யாரையும் கேட்காமல் தாமே அலுவலகம் போக முடிந்தது.

இன்று 'குடிபெயர்ந்தோர்' என்ற சொல் மலையகத்தில் வேறு பொருளுக்கு மாறியிருக்கிறது. தாய் வளைகுடா நாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அக்கா கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில். அண்ணன் கொழும்பில் கடையில். பிள்ளை பாட்டியோடு லயத்தில். இந்தப் பிள்ளைகளுக்காகப் புதிய தர்மங்கள் வந்துகொண்டிருக்கின்றன, வரவேண்டியதுதான். ஆனால் பழைய எல்லை இன்னும் அழியவில்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குப் போனபோது, தொழிலாளர் வீடு, பிள்ளைமடுவம் என்ற குழந்தைக் காப்பகம், சுகாதாரம் எல்லாவற்றுக்கும் தனியே ஒரு தோட்ட நம்பிக்கை நிதியம் அமைத்தார்கள். அதே 31 சதக் காலத்துச் சிந்தனை வேறு உடுப்பில் வந்தது. பிரதேச சபையின் பாதையும் அரசாங்கத்தின் தாய்சேய் நிலையமும் பல இடங்களில் தோட்டக் கடவையோடு நின்றுவிடுகின்றன.

கம்பளைக்கு அருகே பரதெக்கவில், பழைய பீகொக் தோட்டத்தில், லயக் காம்பராக்களையே தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் திறந்தார்கள். 2023இல், மலையகம் இருநூறு ஆண்டைத் தொட்டபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த பாதையில் ஜூலையும் ஆகஸ்டும் மக்கள் நடந்தார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் காணி இருந்தது, வீடு இருந்தது, சமமான கல்வியும் சுகாதாரமும் இருந்தன. பல லயங்களில் ஒரு வீட்டுக்கு வரும் கடிதம் இன்னும் தோட்ட அலுவலகத்துக்கே போய்ச் சேர்கிறது. பரீட்சைப் பெறுபேறோ, நேர்முகத் தேர்வுக்கான அழைப்போ, அங்கிருந்து யாராவது எடுத்துக்கொண்டு வரும்வரை பிள்ளை காத்திருக்கிறது.